சரளைக் குழி புல்வெளி ஆனது!

அமெரிக்காவில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. ஜனாதிபதி வசிக்கும் வாஷிங்டன் நகரம் வேறு. அது கிழக்குக் கோடியில் இருக்கிறது. இந்த மாநிலம் மேற்குக் கோடியில், பசிபிக் கடல் பக்கம் உள்ளது.

அங்கே டகோமா நகருக்கு அருகில், கடற்கரையில், சேம்பர்ஸ் பே என்று ஓர் இடம். இன்று அங்கே போகிறவர்கள் புல்வெளியையும் மணல் மேடுகளையும் காண்கிறார்கள். ஆனால் சுமார் நூறு ஆண்டுக் காலம் அது ஒரு சரளைக் குழி!

பனி கொடுத்த சரளை

சுமார் 15 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடந்தது. பனி உருகியபோது பெருவெள்ளம் ஓடியது. வெள்ளம் கற்களை உருட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் குவித்தது. அப்படிக் குவிந்ததுதான் அங்குள்ள சரளையும் மணலும்.

வீடு கட்ட வேண்டும், சாலை போட வேண்டும் என்றால் சரளை இல்லாமல் முடியுமா? வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே இருந்தார்கள். சல்லடையில் சலித்து, பெரிய கல், சின்னக் கல், மணல் என்று பிரித்து, ரயிலிலும் படகிலும் ஏற்றி அனுப்பினார்கள். ஊர்கள் உயர்ந்தன. குழியும் ஆழமாயிற்று.

முதலில் திட்டம், பிறகு கடப்பாரை

குழி வெட்டுகிறவன் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். குழி ஊரார் தலையில் விழும். இது எல்லா நாட்டிலும் உள்ள சங்கதிதான்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1971 முதல் இதற்கு ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. மூன்று ஏக்கருக்கு மேல் தோண்டுகிறவர்கள், தோண்டி முடிந்ததும் நிலத்தை எப்படிச் சீராக்குவோம் என்று முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு ஜாமீன் தொகையும் கட்ட வேண்டும். சொன்னபடி செய்யாமல் ஓடிவிட்டால், அந்தப் பணத்தில் சர்க்கார் வேலையை முடிக்கும்.

மேல் மண்ணைத் தனியே எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது முக்கியமான விஷயம். புல்லும் செடியும் முளைப்பது அந்த மண்ணில்தான். சரிவைச் செங்குத்தாக விடக் கூடாது என்பது இன்னொன்று. சரளைக்குப் பிடிப்பு கிடையாது. செங்குத்தாக வெட்டினால் மழையில் சரிந்து ஆளையே மூடிவிடும்.

தோண்டும் முறை மாறினால், எழுதிக் கொடுத்த திட்டத்தையும் மாற்றி எழுதி, மறுபடி அனுமதி பெற வேண்டும்.

குழியை வாங்கிய கவுண்டி

1992-ல் இந்தக் குழியை பியர்ஸ் கவுண்டி விலைக்கு வாங்கியது. கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி. அந்த இடத்தில் கவுண்டிக்கு ஒரு சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. அதைப் பெரிதாக்க நிலம் தேவைப்பட்டது.

வாங்கியவுடன் தோண்டுவது நிற்கவில்லை. 2003 வரை சரளை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குள், 1997-லேயே, முழு இடத்துக்கும் ஒரு பெரிய திட்டம் தயாராகிவிட்டது. மொத்தம் 930 ஏக்கர்! சுத்திகரிப்பு நிலையம், நடைபாதை, பொதுப் புல்வெளி, கடற்கரைக்குப் போக வழி, கோல்ப் மைதானம் எல்லாம் அதில் இடம்பெற்றன.

கோல்ப் மைதானம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. வரிப்பணத்தில் விளையாட்டு மைதானமா என்று கேட்டார்கள். அப்போது கவுண்டியின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் லேடன்பர்க் பிடிவாதமாக நின்றார். அவரைக் கேலி செய்தவர்கள் பலர். கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சாக்கடைக்குக் கட்டணம் கட்டுகிற ஏழைக்கு கோல்ப் எதற்கு?

மைதானத்தில் 27 குழிகள் வேண்டும் என்று கவுண்டி கேட்டது. வடிவமைக்க வந்த ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் குழுவினர் 18 போதும், அது சிறப்பாக இருக்கட்டும் என்றார்கள். திட்டம் மறுபடி மாறியது. அவர்கள் வந்தபோது, 2030-ல் இங்கே அமெரிக்க ஓப்பன் போட்டி நடக்கும் என்று அச்சடித்த பட்டைகளையும் கையோடு கொண்டுவந்தார்களாம்! அத்தனை துணிச்சல்.

14 லட்சம் கன கெஜம் மண்ணை இடம் மாற்றினார்கள். அந்த இடத்து மணலையே சலித்துப் பரப்பினார்கள். லாரி லாரியாக வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய வேலை மிச்சம். 2007 ஜூன் மாதம் மைதானம் திறந்தது.

ஒற்றை மரம்

அந்த மைதானம் முழுவதிலும் ஒரே ஒரு பெரிய மரம்தான் உண்டு. ஊசியிலை மரம். 2008-ல் எவனோ ஒரு பாவி இரவோடு இரவாகக் கோடரியால் அதை வெட்டப் பார்த்தான். மர வைத்தியர்கள் வந்து, வெட்டுக்காயத்தை அடைத்துக் காப்பாற்றினார்கள். மரம் பிழைத்துக்கொண்டது.

அச்சடித்த பட்டையில் 2030 என்று இருந்தது அல்லவா? போட்டி 15 ஆண்டு முன்னதாக, 2015-லேயே வந்துவிட்டது. 21 வயது ஜோர்டன் ஸ்பீத் ஜெயித்தார். ஆனால் பந்தை உருட்டும் புல்தரை மேடுபள்ளமாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் வாய்விட்டே திட்டினார்கள். கவுண்டி கோபித்துக்கொள்ளவில்லை. பழைய புல்லை எடுத்துவிட்டு, பின்னர் வேறு ஜாதிப் புல்லைப் பதித்தது.

கோல்ப் ஆடாதவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. மைதானத்தைச் சுற்றிக் காசு கொடுக்காமல் நடக்கலாம். ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியே கடற்கரைக்குப் போகலாம். சரளையைப் பிரித்துக் கொட்டிய பழைய கான்கிரீட் சுவர்களை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கடைசிக் குழிக்குப் பக்கத்தில், வரிசையாக, இன்னும் நிற்கின்றன.