குரோமோசோம் ரிவர்ஸ் ஆனால்?

ஒரு அரேயில் நடுவில் இருக்கிற கொஞ்சம் எலிமென்ட்ஸை மட்டும் ரிவர்ஸ் பண்ணினா டேட்டா எதுவும் தொலையாது, வரிசை மட்டும்தான் மாறும். குரோமோசோமிலும் இது நடக்கும். ஒரு துண்டு இரண்டு இடத்தில் அறுந்து, தலைகீழாகத் திரும்பி, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இதுதான் இன்வர்ஷன். ஜீன்கள் அப்படியே இருப்பதால் செடி பெரும்பாலும் நன்றாகவே வளரும். சிக்கல், திரும்பியதும் திரும்பாததும் ஒரே செடியில் ஜோடி சேரும்போதுதான்.

மகரந்தம் உருவாகும்போது, அம்மா வழி குரோமோசோமும் அப்பா வழி குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அதைத்தான் கிராஸ்ஓவர்னு சொல்றோம். ஒன்று ‘க ங ச ஞ ட’, இன்னொன்று ‘க ஞ ச ங ட’ன்னு வச்சுக்குங்க. க-வுக்குப் பக்கத்தில் சென்ட்ரோமியர். செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கிற கைப்பிடி அது. எழுத்துக்கு எழுத்து பொருந்தணும்னா ஒன்று வளையமாகச் சுருளணும். அந்த வளையத்துக்குள்ளே, ச-வில், கிராஸ்ஓவர் நடந்தா? பேப்பரில் போட்டுப் பாருங்க: ‘க ங ச ஞ க’, ‘ட ங ச ஞ ட’. முதலாவதுக்கு இரண்டு கைப்பிடி, இரண்டு பக்கமும் இழுபட்டு அறுந்துவிடும். இரண்டாவதுக்குக் கைப்பிடியே இல்லை, தொலைந்துபோகும். 1930-களிலேயே பார்பரா மெக்லின்டாக் மக்காச்சோளத்தில் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்.

இப்படி ஜீன்களை இழந்த மகரந்தம் பிழைக்காது. விதையாகி வருவதில் அந்தத் துண்டு கலையாமலேயே இருக்கும். அதனால் ‘இன்வர்ஷன் கிராஸ்ஓவரை நிறுத்திவிடும்’ என்று சொல்வது பாதி உண்மைதான். சில சமயம் அந்த இடம் ஜோடியே சேராது. சில சமயம் கிராஸ்ஓவர் நடந்தும் நம் கண்ணுக்கு வராது.

பயிர் வளர்ப்பவருக்கு இது பெரிய தலைவலி. நோயைத் தாங்கும் ஜீனும் விளைச்சலைக் கெடுக்கும் ஜீனும் ஒரே இன்வர்ஷனுக்குள் மாட்டிக்கொண்டால், எத்தனை தலைமுறை கலந்தாலும் பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

இங்கேதான் நம்ம ஏரியா, இன்ஜினியரிங், வருது. ஆய்வகங்களுக்குப் பிடித்த சின்னச் செடி அராபிடாப்சிஸ். அதன் இரண்டு ரகங்களுக்கு இடையே, 4-வது குரோமோசோமில் சுமார் 11 லட்சம் எழுத்து நீளத்துக்கு ஓர் இன்வர்ஷன் உண்டு. 2020-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹோல்கர் புக்தாவின் குழு, கிரிஸ்பர் கத்தரியால் அதை வெட்டித் திருப்பி வைத்தது. இரண்டு ரகங்களையும் கலந்தபோது, அதுவரை கலக்காத அந்த இடத்தில் கிராஸ்ஓவர் வந்தது.

நல்ல ஜீன்களைப் பிரியாமல் கட்டிவைக்கணும்னா? 2022-ல் அதே குழு 2-வது குரோமோசோமில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பியது. செடிகள் வழக்கம்போல வளர்ந்தன. சாதாரணச் செடியோடு கலந்து பார்த்ததில், அந்தக் குரோமோசோமின் நுனிகளில் மட்டும்தான் கிராஸ்ஓவர் மிஞ்சியது.