மாதவிடாய் நிற்கும் காலம்: சிகிச்சையை யார் தீர்மானிப்பது?

வயலில் களை பிடுங்கும் தாய்க்கு 48 வயதளவில் திடீரென உடல் கொதிக்கிறது. இரவில் வியர்த்து நித்திரை கெடுகிறது. "வெயிலின் வேலை", "கவலையின் வேலை" என்று வீட்டார் சொல்கின்றனர். அவளும் பேசாதிருந்துவிடுகிறாள்.

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. சூலகங்கள் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனைச் சுரப்பது குறைவதே காரணம். இது நோயன்று. ஆயினும் தொல்லை கடுமையானால் சிகிச்சை உண்டு. குறைந்துபோன ஓமோனை மருந்தாகக் கொடுப்பது அவற்றுள் ஒன்று.

இம்மருந்தைப் பற்றிப் பலருக்கு அச்சம் உண்டு. 2002 இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இரு ஓமோன்களைச் சேர்த்து எடுத்த பெண்களிடையே மார்புப் புற்றுநோய் கூடியிருந்தது. எவ்வளவு கூடியது? மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேர். எடுத்தவர்களில் 38 பேர். அப்பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குட்பட்ட, வேறு நோயற்ற, தொல்லை மிகுந்த பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பது இன்றைய வைத்தியர்களின் கருத்து.

அந்த மேலதிக 8 பேர் என்பது ஒருத்திக்குச் சிறிதாகத் தெரியும். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவளுக்குப் பெரிதாகத் தெரியும். ஆகவே இம்முடிவை வைத்தியர் தனியே எடுக்க முடியாது. மருந்தை அவர் அறிவார்; தன் உடலையும் பயத்தையும் அவளே அறிவாள்.

இடப்பெயர்வில் கிளினிக் கொப்பிகள் தொலைந்துபோன குடும்பங்கள் பல. அவ்வாறாயின் இவற்றை வாயால் சொல்லுங்கள்:

1. மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம், ஈரல் நோய் முன்பு வந்ததா? வந்திருந்தால் ஓமோன் மருந்து பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

2. கருப்பை அகற்றப்பட்டதா? கருப்பை உள்ளவருக்கு ஈஸ்திரோஜனை மாத்திரம் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும். இரண்டாவது ஓமோனும் வேண்டும்.

3. எந்தத் தொல்லை உங்கள் வேலையையும் நித்திரையையும் கெடுக்கிறது?

பின்பு நீங்களும் கேளுங்கள்: இம்மருந்தால் எனக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து? ஓமோன் இல்லாத வேறு வழி உண்டா? எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? "யோசித்து அடுத்த கிளினிக்கில் சொல்கிறேன்" என்பதும் நல்ல பதிலே. வைத்தியரிடம் பேசக் கூச்சமாயின் முதலில் மருத்துவமாதுவிடம் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் சிறிதளவு இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். காலத்தோடு கண்டால் குணப்படுத்தலாம். கணவன்மாரும் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும்.