இரைச்சலுக்குள்ளே வேதாந்தம்!

ரந்தாவ் தோட்டத்துப் பெற்றோர்களே! பையன் அறையில் 'மெட்டல்' பாட்டு அலறினால், கெட்டுப்போய்விட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். திருவிழாவில் உருமி மேளம் லயத்தையே அதிரவைக்கிறது. அதைக் குறை சொல்கிறோமா?

சிங்கப்பூரில் 1992இல் இந்திய இளைஞர்கள் தொடங்கிய மெட்டல் இசைக்குழு 'ருத்ரா'. பெயரே சிவபெருமானுடையது! முதல் ஆல்பம் வெளிவர ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1998இல் குழுவின் பெயரிலேயே வந்தது. மின்கிதார் இரைச்சல், உறுமும் குரல் எல்லாம் உண்டு. ஆனால் இவர்கள் எடுத்துக்கொண்ட பொருளோ வேதாந்தம்! பின்னாளில் 'பிரம்மவித்யா' என்ற வரிசையில் 2005 முதல் 2011 வரை மூன்று ஆல்பங்கள் வெளியிட்டார்கள்.

எனக்கும் முதலில் காது வலிக்கத்தான் செய்தது. என்ன பாடுகிறார்கள் என்று பையனிடமே கேளுங்கள், சொல்வான். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கவும் சொல்லுங்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் உறங்குகிறார்களே!