வேனில் படுத்தபடியே கடல் தாண்டலாமா?

தளேகாவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி இது. வேனுக்குள் படுக்கையும் காஸ் அடுப்பும் பொருத்திக்கொண்டு தனியாகவே ஊர் சுற்றுகிறவர். புனேயைச் சுற்றியுள்ள மலையெல்லாம் முடிந்துவிட்டது, அடுத்தது சௌராஷ்டிரம். சூரத் பக்கம் ஹசீராவில் வேனோடு கப்பலேறி, பாவ்நகர் அருகே கோகாவில் இறங்குவதாகத் திட்டம். பின்னொரு நாள் ஐரோப்பாவின் இரவுக் கப்பல்களிலும் வேனை ஏற்ற வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அவர் கேட்பது: வண்டியிலேயே மெத்தை இருக்கும்போது, கப்பலில் நிறுத்தியதும் ஆளை ஏன் மேல்தளத்துக்குத் துரத்துகிறார்கள்? கேபின் டிக்கெட்டைத் தலையில் கட்டவா?

கேபின் விற்பனை லாபமான வியாபாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கேபினே இல்லாத கப்பலிலும் துரத்துகிறார்கள். காரணம் வண்டித் தளத்தின் அகலம்.

அதற்கு முன் குஜராத் கப்பலைப் பற்றிக் கொஞ்சம். 2017 அக்டோபரில் கோகாவுக்கும் தஹேஜுக்கும் இடையே கப்பல் விட்டபோது, சாலையில் 360 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய தூரம் கடலில் 31 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. கணக்கு சரிதான். நர்மதை கொண்டுவந்து கொட்டும் வண்டல் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. தஹேஜ் துறையில் ஆழம் குறைந்து, மூன்றே ஆண்டுகளில் சேவை நின்றது. 2020 நவம்பர் 8-ஆம் தேதி ஹசீரா – கோகா தடத்துக்கு இன்னொரு திறப்பு விழா நடந்தது. கடலில் 90 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். இது ஓடுகிறது. தொடக்க விழாப் புகைப்படத்தைவிடத் தூர்வாரும் கணக்கைப் பார்ப்பது நல்லது என்பதற்கு இந்த இரண்டு தடங்களே போதும்.

இந்தக் கப்பல் கடக்கும் காம்பே வளைகுடாவின் ஏற்றவற்றமும் லேசுப்பட்டதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்; மூன்று மாடி உயரம். அதனால் கோகாவில் கரையையும் கப்பலையும் இணைக்க, நீரோடு ஏறி இறங்கும் கிட்டத்தட்ட நூறு மீட்டர் நீள எஃகுப் பாலம் தேவைப்பட்டது. பாலம் குட்டையாக இருந்தால் வற்றத்தின்போது சரிவு செங்குத்தாகிவிடும். தாழ்வான காரின் வயிறு தரையில் உரசும்.

இப்போது கப்பலுக்குள் போவோம். சாதாரணச் சரக்குக் கப்பலின் வயிறு குறுக்குச் சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் நீர் புகுந்தால் மற்றவை காப்பாற்றும். வண்டிக் கப்பலில் அது நடக்காது. லாரி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும்; நடுவில் சுவர் எழுப்பினால் யாரும் வண்டி ஓட்ட முடியாது. ஆக, தலை முதல் வால் வரை ஒரே கூடம்.

கல்யாண வீட்டில் ஆரத்தித் தாம்பாளம் ஏந்தி வரும் அத்தையைப் பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். அதே மஞ்சள்நீரைச் சொம்பில் கொடுத்தால் மாடிப்படியில் ஓடிக்கூட வருவார். தாம்பாளத்தில் கொடுத்தால் நடையே மாறிவிடுகிறது. கை இம்மி சாய்ந்தால் நீர் தாழ்ந்த ஓரத்துக்கு ஓடும். ஓடிய நீரின் எடை அந்த ஓரத்தை இன்னும் தாழ்த்தும். இன்னும் நீர் ஓடும். இனி அத்தையைத் தாம்பாளத்தோடு ஒரு பரிசலில் ஏற்றுவோம். தாம்பாளத்தைப் பரிசலின் அகலத்துக்குப் பெரிதாக்குவோம். மணமக்களையும், சீர்வரிசை பீரோவையும், மாப்பிள்ளைக்கு வாங்கிய புல்லட்டையும் தாம்பாளத்துக்குள்ளேயே எதையும் கட்டாமல் நிறுத்துவோம். அந்த நேரம் பார்த்து அத்தைக்குத் தும்மல் வந்தால்? கடற்பொறியாளரின் கவலை ஏறக்குறைய அதுதான்.

இதில் நீரின் அளவைவிட, அது எவ்வளவு அகலத்தில் பரவ முடிகிறது என்பதே பெரிதாகிறது. கப்பல் சாயும்போது தாழும் பக்கத்தில் நீரின் மிதப்பு விசை கூடி, அதைத் திரும்ப நிமிர்த்தும். தளத்தில் தளும்பும் நீர் அதே பக்கத்துக்கு ஓடி, அந்த நிமிர்வைத் தின்கிறது. எவ்வளவு தின்கிறது என்பது அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது: அகலம் இரட்டித்தால் எட்டு மடங்கு. திருப்பிப் பார்த்தால், தாம்பாளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு வைத்தால் ஒவ்வொரு பாதியும் எட்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து கால் பங்குதான். ஒரு தகடு முக்கால்வாசி ஆபத்தைக் குறைத்துவிடுகிறது!

ஒரு சின்னக் கணக்கு. தளம் 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அதில் பத்து சென்டிமீட்டர் நீர், அதாவது கணுக்காலளவு. 200 டன். எட்டாயிரம் டன் கப்பலுக்கு இது கொசுறு. சரிசமமாகப் பரவிக் கிடந்தால் கப்பல் கவலைப்படாது. ஓரத்துக்கு ஓடினாலோ, வழக்கமான நிமிரும் திறனுள்ள கப்பலை அதுவே ஏழெட்டு டிகிரி சாய்த்துவிடும். அதோடு கட்டாத லாரிகளும் நகரத் தொடங்கும். திறந்த வாசல் நீர்மட்டத்தை நெருங்கும். மேலும் நீர் வரும்.

1987 மார்ச் 6-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஸீப்ரூகே துறைமுகத்தில் இது அப்படியே நடந்தது. ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ முன்கதவு திறந்தபடியே புறப்பட்டது. மூட வேண்டியவர் கேபினில் தூங்கிவிட்டார். கதவு மூடியதா என்று காட்ட மாலுமி அறையில் ஒரு விளக்குகூட இல்லை. அந்தத் துறையின் பாலம் அன்றைய உயர்ந்த ஏற்றத்தில் மேல் வண்டித் தளத்துக்கு எட்டாததால், முன்பக்கத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலின் மூக்கை வேறு தாழ்த்தியிருந்தார்கள். சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். 1994 செப்டம்பர் 28 இரவில் தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் சென்ற ‘எஸ்டோனியா’வின் முன்முகத் தகட்டின் பூட்டுகள் அலையில் உடைந்தன. 852 பேர். அதற்குப் பிறகுதான் வடமேற்கு ஐரோப்பிய நாடுகள் தளத்தில் அரை மீட்டர் வரை நீர் நின்றாலும் கப்பல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று 1996-ல் விதி செய்தன.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: 1850-ல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் ரயில் பெட்டிகளை உருட்டிக் கப்பலில் ஏற்றினார்கள், இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை ஏற்றினார்கள், பிறகு கார்கள். நம் பக்கம் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் 1914-லேயே வந்தாலும் பயணிகள் ரயிலைவிட்டு இறங்கித்தான் ஏற வேண்டியிருந்தது. 2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் வண்டி ஏற்றுவதில்லை.

தண்ணீர் போகட்டும், நெருப்பு இருக்கிறது. 2022 பிப்ரவரி 18-ஆம் தேதி கிரீஸிலிருந்து இத்தாலிக்குச் சென்ற ‘யூரோஃபெரி ஒலிம்பியா’வின் வண்டித் தளத்தில் தீப்பிடித்து, பதினொரு பேர் இறந்தார்கள். கேபின் நெரிசல் பிடிக்காமல் லாரிக்குள்ளேயே தூங்கியவர்கள் இருந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். சுவரில்லாத கூடத்தில் புகையும் நீரைப் போலவே தடையின்றிப் பரவும். வண்டிகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளிதான்; இருட்டில் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் இடித்துக்கொண்டே படிக்கட்டைத் தேட வேண்டும். காஸ் சிலிண்டரின் வால்வைக் கப்பலேறுமுன் மூடச் சொல்வதும் இதனால்தான்.

வாசகருக்கு ஓர் ஆறுதல் உண்டு. அதே கிரீஸ் – இத்தாலித் தடத்தின் சில கப்பல்களில் கோடை மாதங்களில் கேம்பர் வேன்காரர்கள் தங்கள் வண்டியிலேயே தூங்கலாம். மின் இணைப்பும் தருகிறார்கள். அந்த வேன்கள் மட்டும் பக்கவாட்டில் திறந்த தளத்தில் நிறுத்தப்படும். புகை வெளியேறும், நீர் வடியும், ஆளும் தப்பலாம். விதி இயற்பியலைப் பார்த்துத்தான் வளைகிறது.

இந்தியாவிலேயே ஓர் இரவுப் பயணம் வேண்டுமென்றால் கப்பலைவிட ரயில் பக்கத்தில் இருக்கிறது. 2025 விநாயகர் சதுர்த்தி நெரிசலுக்காகக் கொங்கண் ரயில்வே கார் ஏற்றும் ரயிலை விட்டது. மாலை 5 மணிக்குக் கோலாடில் கிளம்பி, மறுநாள் காலை 5 மணிக்குக் கோவாவின் வெர்ணா. ஒரு காருக்கு 7,875 ரூபாய். ஒரு நடைக்கு 40 கார்கள். அங்கும் காருக்குள் இருக்க விடவில்லை, இணைப்புப் பெட்டியில் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதை முழுவதும் 2022-ல் மின்மயமாகிவிட்டதால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. கூரையில் சோலார் பலகையும் பெட்டியும் ஏற்றிய வேன் என்றால், ரயிலை அடுத்த முறை அறிவிக்கும்போது முதலில் டேப் எடுத்து உயரத்தை அளந்துவிட்டு, ஏற்றுவார்களா என்று விசாரித்த பிறகே பணம் கட்டலாம்.