கால்வாய் ஓரத்தில் ஓர் அலுவலகம்: நெதர்லந்தின் லெய்டனில் இடம் எடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

17ஆம் நூற்றாண்டுச் செங்கல் சுவர். கால்வாயைப் பார்த்த உயரமான சன்னல். கீழே வரிசையாக சைக்கிள்கள்.

படத்தில் பார்த்தால் "இங்கதான் என் முதல் அலுவலகம்" என்று தோன்றும். தப்பே இல்லை!

ஆனால் நெதர்லந்தின் பழைய நகரங்களில் அலுவலகம் வாடகைக்கு எடுப்பது நம்ம ஊர்க் கணக்கு இல்லை. முக்கியமாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்துக்குச் சட்டம் பலமான பாதுகாப்பு தருகிறது. வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு அந்த அளவு கிடைக்காது.

லெய்டன் நகரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

ஏன் லெய்டன்?

நெதர்லந்தின் ஆகப் பழைமையான பல்கலைக்கழகம் இங்கே உள்ளது. தொடங்கிய ஆண்டு 1575. ஓவியர் ரெம்பிராண்ட் பிறந்த ஊரும் இதுதான்.

தமிழர்களுக்கும் இது தெரிந்த பெயர். கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் எனும் ஊரை வழங்கிய செய்தி செப்பேடுகளில் பொறிக்கப்பட்டது. அவை லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வந்தது. கடாரம் என்பது இன்றைய கெடா.

இன்று ரயில் நிலையத்தின் ஒரு பக்கம் உயிரறிவியல் நிறுவனங்கள் நிறைந்த நவீனப் பூங்கா. மறுபக்கம் பழைய நகரம். இரண்டும் நடக்கும் தூரம்தான். ஆனால் வாடகைக்கு எடுப்பவருக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சிங்கப்பூரில் சதுர அடிக்கு மாதம் எவ்வளவு என்று கேட்போம். அங்கே சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று சொல்வார்கள்.

விளம்பரத்தில் "200 யூரோ" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடம் 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 645 சதுர அடி.

- ஆண்டு வாடகை: 12,000 யூரோ. மாதத்துக்கு 1,000 யூரோ.
- சேவைக் கட்டணம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 50 யூரோ என்றால் மாதத்துக்கு இன்னும் 250 யூரோ.
- இரண்டுக்கும் சேர்த்து 21 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரி: 262.50 யூரோ.

ஆக, மாதம் 1,512.50 யூரோ. 1,000 யூரோ என்று நினைத்துப் போனவருக்குப் பாதிக்கு மேல் கூடிவிட்டது!

பொதுவாக மூன்று மாதத் தொகையை வைப்புத்தொகையாகவோ வங்கி உத்தரவாதமாகவோ கேட்பார்கள். இந்தக் கணக்கில் அது 4,537.50 யூரோ.

இன்னொன்று. 60 சதுர மீட்டர் என்றால் உங்கள் அறை மட்டும் என்று நினைக்காதீர்கள். பொது நுழைவாயில், சமையலறை, கழிவறை ஆகியவற்றில் உங்கள் பங்கையும் அதில் சேர்த்திருக்கலாம். அளவெடுக்க 'நென் 2580' எனும் டச்சுத் தரமுறை உண்டு. அதன்படி எடுத்த அளவு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த வரி எல்லாருக்கும் உண்டா?

இல்லை. வணிக இடத்தின் வாடகைக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை என்பதே அடிப்படை விதி. ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால் வரியோடு வாடகைக்கு விடலாம். அதற்கு, நீங்கள் அந்த இடத்தைக் குறைந்தது 90 விழுக்காடு வரிக்கு உட்பட்ட தொழிலுக்குப் பயன்படுத்த வேண்டும்.

மென்பொருள் நிறுவனம் என்றால் பிரச்சினை இல்லை. கட்டிய வரியைப் பெரும்பாலும் திரும்பக் கோரலாம். மருத்துவ சிகிச்சை, காப்புறுதி போன்ற வரிவிலக்குள்ள துறைகளில் இருந்தால் கதை வேறு. உரிமையாளர் தம்முடைய செலவுகளுக்கான வரியைத் திரும்பப் பெற முடியாது. அந்த இழப்பை ஈடுகட்ட வாடகையை உயர்த்திக் கேட்கலாம்.

வீட்டுக்கான சொத்து வரியை அங்கே உரிமையாளர் மட்டும் கட்டுவார். குடியிருப்பு அல்லாத இடத்துக்கு, பயன்படுத்துபவருக்கும் தனியாக ஒரு பங்கு வரும். பட்ஜெட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மரபுடைமைக் கட்டடம் என்றால் என்ன கட்டுப்பாடு?

நெதர்லந்தில் 60,000க்கும் மேற்பட்ட தேசிய மரபுடைமைச் சின்னங்கள் உண்டு. லெய்டனின் பழைய நகரில் தெருவுக்குத் தெரு அவற்றைப் பார்க்கலாம்.

பாதுகாப்பு முகப்புக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் மரத்தூலம், படிக்கட்டு, அலங்கார மேற்கூரை எல்லாம் அதில் அடங்கும்.

தடுப்புச் சுவர் எழுப்புவது, பழைய கதவை எடுப்பது, குளிர்சாதனத்துக்குச் சுவரில் துளையிடுவது, பெயர்ப்பலகை மாட்டுவது போன்றவற்றுக்கு நகராட்சியின் அனுமதி தேவைப்படலாம். அனுமதியின்றி மரபுடைமைக் கட்டடத்தை மாற்றுவது குற்றம். "ஓனர் சரின்னு சொல்லிட்டாரு" என்பது போதாது.

சிங்கப்பூரில் பழைய கடைவீட்டை அலுவலகமாக்கியவர்களுக்கு இது ஓரளவு பழகிய கதைதான்.

குளிர்காலத்தில் என்ன ஆகும்?

2023 ஜனவரி 1 முதல், நெதர்லந்தில் 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்கு எரிசக்தித் தரத்தில் 'சி' அல்லது அதைவிட நல்ல நிலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றை அலுவலகமாகப் பயன்படுத்தக் கூடாது.

இந்த விதியிலிருந்து மரபுடைமைக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு.

நல்ல செய்தி மாதிரி இருக்கிறதா? இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடிச் சன்னலை மாற்றும்படி இந்த விதி உரிமையாளரைக் கட்டாயப்படுத்தாது. ஜனவரியில் அறையைச் சூடாக்கும் கட்டணம் உங்கள் தலையில் விழும். கையெழுத்திடுமுன் கடந்த குளிர்காலத்தின் எரிவாயு, மின்சாரக் கட்டணச் சீட்டுகளைக் கேளுங்கள்.

மாடியில் அலுவலகம் என்றால் படிக்கட்டையும் ஏறிப் பாருங்கள். பழைய டச்சு வீடுகளில் அது ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். மின்தூக்கி பெரும்பாலும் இருக்காது. சக்கர நாற்காலியில் வரும் வாடிக்கையாளரோ ஊழியரோ எப்படி மேலே வருவார்?

கீழே கடைக்காரர், மேலே நீங்கள்: சட்டம் ஒன்றா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கடை, உணவகம், ஹோட்டல் போன்ற, பொதுமக்கள் வந்துபோகும் இடங்களுக்கு டச்சு உரிமையியல் சட்டத்தின் 7ஆம் புத்தகம், 290ஆம் பிரிவு பொருந்தும். அங்கே வாடகைக்காரருக்குப் பொதுவாக 5 ஆண்டு, பிறகு இன்னொரு 5 ஆண்டு எனக் காலப் பாதுகாப்பு உண்டு.

அலுவலகத்துக்கு வருவது 230ஏ பிரிவு. இதில் ஒப்பந்தக் காலத்தை இரு தரப்பும் விருப்பம்போல் முடிவு செய்யலாம். காலம் முடிந்து உரிமையாளர் வெளியேறச் சொன்னால், அவர் குறித்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி இரு தரப்பு நலனையும் எடைபோட்டு, ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஓராண்டு அவகாசம் தரலாம். மொத்தமாக 3 ஆண்டுக்கு மேல் கிடைக்காது.

அந்த 2 மாதத்தைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். ஒப்பந்தத்தை நீங்களே முடித்துக்கொண்டிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை, உங்களைக் காப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வரிகள்தான்.

கையெழுத்திடுமுன் என்ன கேட்கலாம்?

- முடிவு தேதி: பல ஒப்பந்தங்கள் தாமாகவே நீளும். வெளியேற எத்தனை மாதம் முன்னதாக, எந்த வழியில் தெரிவிக்க வேண்டும்? ஓராண்டு முன்னதாக, பதிவுத் தபாலில் என்று இருக்கலாம். தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.
- வாடகை உயர்வு: பெரும்பாலும் ஆண்டுதோறும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டின்படி கூடும். உச்ச வரம்பு வைக்கப் பேசிப் பாருங்கள்.
- எந்த நிலையில் தருகிறார்கள்: 'காஸ்கோ' என்றால் வெறும் கூடுதான். தரைவிரிப்பு, விளக்குகூட உங்கள் செலவு.
- திருப்பித் தரும் நிலை: முதல் நாளே படங்களோடு நிலவர அறிக்கை தயாரித்து இருவரும் கையெழுத்திடுங்கள். இல்லாவிட்டால் பழைய விரிசலுக்கும் நீங்கள் பணம் கட்ட நேரலாம்.
- பயன்பாடு: நகராட்சித் திட்டத்தில் அந்த முகவரிக்கு அலுவலகப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டுள்ளதா? அழகான வீடு என்பதற்காக அதை அலுவலகமாக்க முடியாது.

உங்களுக்கு இடத்தைக் காட்டும் முகவர் பெரும்பாலும் உரிமையாளருக்காக வேலை செய்பவர். சிரித்துப் பேசுவார், ஆனால் அவர் உங்கள் ஆள் இல்லை. ஒப்பந்தம் டச்சு மொழியில் இருக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் பக்கம் நின்று படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞருக்குச் செலவிடுவது வீண் இல்லை.

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் கையில் இருப்பதால் மட்டும் அங்கே தங்கித் தொழில் செய்ய உரிமை வந்துவிடாது. முதலில் வசிப்பு அனுமதி. அதற்குப் பிறகே நீண்ட கால ஒப்பந்தம்.

இப்போதுதான் தொடங்குகிறீர்களா? முதல் சில மாதங்களுக்குப் பகிர்ந்து பயன்படுத்தும் அலுவலகத்தில் ஒரு மேசை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்பு இன்னும் குறைவுதான். ஆனால் சரிவராவிட்டால் சீக்கிரம் வெளியேறலாம். ஒரு குளிர்காலம் கழிந்த பிறகு, கால்வாய் ஓரத்து அறைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.