எலி பிடிக்க வந்த நரிகள்

காக்கையை ஏமாற்றி வடையைக் கவர்ந்த நரியின் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இல்லை. நரி என்றால் தந்திரம் என்பதே நாம் படித்த பாடம். ஆனால், யப்பான் தேசத்தின் வடகோடியில் உள்ள ஒரு சிறு தீவுக்கு நரி வந்த கதையில் தந்திரம் எதுவும் இல்லை. மனிதன் நல்லெண்ணத்துடன் செய்த ஒரு காரியம், பல ஆண்டுகள் கழித்துக் குடும்பங்களைக் கலங்கவைத்த கதை அது.

ஹொக்கைடோ என்னும் பெருந்தீவின் வடமேற்கே கடலிற் கிடப்பது றெபுன் தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 80 சதுர கிலோமீற்றர்தான். மீன்பிடியே அங்குள்ளோரின் பிரதான சீவனோபாயம். 1920-களில் அத்தீவிலே காட்டெலிகளின் தொல்லை பெருகிற்று. இளமரங்களின் பட்டையைக் கொறித்து நாசஞ் செய்யும் இயல்புடையவை அவ்வெலிகள். அவற்றை ஒழிக்க நரிகளை விட்டால் என்ன என்ற யோசனை பிறந்தது. நரித்தோலுக்கு நல்ல விலையும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அன்றோ! எனவே 1924-க்கும் 1926-க்கும் இடையில், கூரில் தீவுக்கூட்டத்திலிருந்து 12 சோடி செந்நரிகள் கொண்டுவரப்பட்டு அங்கே விடப்பட்டன.

நமது இலங்கைக் காடுகளில் ஊளையிடும் நரி வேறு. இந்தச் செந்நரி வேறு. இது குளிர்நாட்டுப் பிராணி. அடர்ந்த உரோமமும் புதர் போன்ற வாலும் உடையது.

தேன்கூடு போன்ற கட்டி

பத்து ஆண்டுகள் சென்றன. றெபுன் தீவிலிருந்து வந்த ஒரு நோயாளியின் ஈரலில் விசித்திரமான ஒரு கட்டியை வைத்தியர்கள் கண்டனர். அவரைத் தொடர்ந்து வேறு பலரும் அதே நோயுடன் வந்தனர். காலப்போக்கில் அச்சிறு தீவில் நோயுற்றோரின் தொகை நூறைத் தாண்டியது.

இந்நோய் வைத்திய உலகுக்குப் புதிதன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் இதனை ஒருவகைப் புற்றுநோய் என்றே எண்ணியிருந்தனர். சிறுசிறு அறைகள் கொண்ட தேன்கூடு போல ஈரலுக்குள் பரவிச் செல்லும் இக்கட்டி, உண்மையில் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவமே என்பதை ஜேர்மானிய அறிஞர் ருடோல்ப் விர்க்கோ 1850-களின் நடுப்பகுதியில் எடுத்துக்காட்டினார். ஆயினும், அப்புழு மனிதனை எவ்வாறு வந்தடைகிறது என்பது தெளிவாவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. 1950-களில் அலாஸ்காவின் சென் லோறன்ஸ் தீவில் றோபேட் றவுஷ் என்பவரும், தென் ஜேர்மனியில் ஹான்ஸ் வோகல் என்பவரும் அந்தப் பாதையைத் துலக்கினர்.

அந்தப் பாதை இதுதான்: நரியின் சிறுகுடலில் வாழும் இந்த நாடாப்புழுவின் நீளம் 2 முதல் 4 மிலிமீற்றர் வரையே. ஓர் அரிசிமணியிலும் சிறியது. ஒரே நரியின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நரிக்குப் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. அது வழமை போல் ஓடித் திரியும். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அதன் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் படிகின்றன. குளிர்ந்த ஈரநிலத்தில் அவை மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். புல்லை மேயும் காட்டெலி முட்டையை உண்கிறது. எலியின் ஈரலிலே இளம்புழுக்கள் பெருகுகின்றன. அந்த எலியை நரி பிடித்துத் தின்றதும் வட்டம் நிறைவுறுகிறது.

எலியைப் பிடிக்கவென்று எந்த நரியைக் கொண்டுவந்தார்களோ, அந்த நரிக்குள் இருந்த புழுவுக்கு வேண்டியதும் எலியே! எலிகள் மலிந்த றெபுன் தீவு அப்புழுவுக்கு ஆயத்தமான வீடாயிற்று.

வழிதவறிய விருந்தாளி

இவ்வட்டத்தில் மனிதனுக்கு இடமே இல்லை. கழுவாத காய்கனியோடும், கொதிக்கவைக்காத ஓடைநீரோடும், மண் அளைந்த கையோடும் முட்டை வாய்க்குட் சென்றால், எலியின் ஈரலில் வளரவேண்டியது மனிதனின் ஈரலில் வளர்கிறது. எலியைத் தின்ற வீட்டுநாயின் குடலிலும் இப்புழு வாழக்கூடுமாதலின், நாயைத் தடவிய கையும் முட்டையைச் சுமக்கும். நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

இந்நோயின் பயங்கரம் அதன் நிதானத்தில் இருக்கிறது. முட்டை உட்சென்றபின் 5 முதல் 15 ஆண்டுகள் வரை யாதொரு குறியும் தோன்றாமல் இருக்கலாம். சிறுமியாக ஓடைநீர் பருகியவள், தாயானபின் வயிற்றுவலியோடும் மஞ்சட்காமாலையோடும் வைத்தியரிடம் போவாள். சிகிச்சை பெறாதோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், நோய் கண்டறியப்பட்ட 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மரணமடைந்தனர். இன்று நிலைமை மாறியுள்ளது. கட்டியை முழுவதும் அகற்ற முடிந்தால் சத்திரசிகிச்சை குணமளிக்கும். இயலாதவிடத்து அல்பெண்டசோல் போன்ற மருந்துகள் புழுவின் வளர்ச்சியைத் தடுத்து வைக்கும். ஆனால் பலர் அம்மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள நேரிடுகிறது.

தீவைக் கடந்து

றெபுன் தீவிலே நரிகளும் நாய்களும் அடியோடு ஒழிக்கப்பட்டன. புழுவின் வட்டம் அறுந்தது. நோயும் அத்தீவை விட்டு அகன்றது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1960-களின் நடுப்பகுதியில் ஹொக்கைடோவின் கிழக்குப் பகுதியான நெமுரோவில் இதே நோய் தலைகாட்டிற்று. பின்னர் அது பெருந்தீவு முழுவதும் பரவியது. அத்துணை பெரிய நிலத்தில் நரிகளை யார் ஒழிப்பது?

ஐரோப்பாவிலும் நன்மையின் நிழலாக இத்தொல்லை வளர்ந்தது. நரிகளிடையே பரவிய விசர்நோயை ஒழிக்க, 1978-ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தில் கோழித்தலைக்குள் தடுப்புமருந்தை வைத்து நரிகளுக்கு இட்டனர். முயற்சி பெருவெற்றி பெற்றது. விசர்நோய் நீங்கியதும் நரிகள் பெருகி நகரத் தோட்டங்களுக்குள்ளும் குடியேறின. அவற்றோடு புழுவும் வந்தது. 1990-களில் அந்நாட்டில் ஆண்டுதோறும் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கே கண்ட இந்நோய், 2001 முதல் 2005 வரையான காலத்தில் 2.6 பேருக்குக் கண்டது. தொகை சிறிதே, ஆனால் போக்கு கவலைக்குரியது.

நரியைக் கொல்லாமலே புழுவைக் கொல்லும் வழியும் இப்போது உண்டு. பிரசிகுவாண்டல் என்னும் மருந்தை இரையில் வைத்து நரிகளுக்கு இடுகின்றனர். சூரிச் நகரிலும் ஹொக்கைடோவிலும் இது நற்பலன் அளித்துள்ளது. ஆனால் இரையிடுவதை நிறுத்தினால் புழு மீண்டும் தலையெடுக்கும். பிரித்தானியா, அயர்லாந்து, நோர்வே போன்ற நாடுகள், தம் எல்லைக்குள் வரும் நாய்களுக்கு முன்கூட்டியே புழுமருந்து கொடுத்திருக்க வேண்டுமென விதித்துள்ளன. றெபுன் கற்பித்த பாடத்தோடு ஒத்த விதி இது.

குளிர்நாட்டு நோயாகிய இதனை எண்ணி நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், உணவுக்கு முன் கைகழுவு, ஓடைநீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று நம் தாய்மார் சொல்லும் சொல்லே அந்நாட்டு வைத்தியர்களும் கூறும் முதற் புத்திமதி என்பதை அறிவது நன்று. ஒரு பிராணியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வோர், அதன் வயிற்றுக்குள் இருப்பதையும் உடன் கொண்டுசெல்கின்றனர். அன்று நரிகளைக் கரையில் இறக்கியவர்கள் 12 சோடிகளை மட்டுமே எண்ணினார்கள்.