தோட்டச் செடிகளும் பூனையும்

கண்ணுக்கு இனிய மலர்கள் அனைத்தும் உயிருக்கு இனியவை அல்ல. செடிகள் பகையைக் கண்டு ஓட இயலாதவை. ஆதலின் அவற்றுள் சில நஞ்சையே தமக்குக் காவலாகக் கொண்டுள்ளன. தோட்டத்தில் உலவும் பூனைக்கு அந்நஞ்சு எமனாக முடிதலும் உண்டு.

பூனை ஊனுண்ணும் விலங்கு. எனினும், அது இடையிடையே புல்லையும் இலையையும் கடிக்கும். மேலும், தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்வது அதன் இயல்பு. ஆகவே, மயிரில் ஒட்டிய மகரந்தமும் அதன் வயிற்றுள் சென்றுவிடும்.

வேலியோரம் வளரும் அரளியின் எல்லா உறுப்புகளும் நச்சுத்தன்மை உடையவை. காய்ந்த சருகும் அதற்கு விலக்கன்று. அந்நஞ்சு இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு மிகுந்துள்ளது. இவை மனிதர்க்கும் கேடு தருவன.

மலைப்பகுதிகளில் பயிராகிப் பூக்கடைகளுக்கு வரும் லில்லியோ பூனைக்கே பெரும்பகை. அதன் மகரந்தம் சிறிதளவு உட்சென்றாலும், 3 நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அம்மலரை இட்டுவைத்த நீரைப் பருகுவதும் தீங்கே.

பூனை வாந்தி எடுத்தாலோ, எச்சில் ஒழுக்கினாலோ, உணவை வெறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ காலந்தாழ்த்துதல் கூடாது. அது கடித்த செடியின் சிறு கிளையுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். நஞ்சு தின்றதை ஐயுற்றால், இக்குறிகள் தோன்றும்வரை காத்திருத்தலும் தவறு.

மல்லிகையும் ரோஜாவும் பூனைக்கு நஞ்சல்ல. எதை எங்கே நடுவது என்பதை மனிதன் அறிவான். வாயில்லா உயிர் அறியாது. அறிந்தவர் காப்பதே அறம்.